நீளம் கேட்காமலே வெற்றுச் சரத்தை அறிவது எப்படி?

தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பதிவேட்டை, கணினிக்கு மாற்ற நிரல் எழுதுபவர் முதலில் சந்திப்பது வெறும் கட்டங்களைத்தான். படிவம் தெருப் பெயரைக் கேட்கும். லயத்து வீட்டுக்குத் தெருவே இருக்காது. குடும்பப் பெயரைக் கேட்கும். நம்மவர் பலருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. எழுத்துகளின் தொடரை நிரலில் சரம் என்பார்கள்; ஓர் எழுத்தும் இல்லாவிட்டால் அது வெற்றுச் சரம். அதனால் ஒரு சரம் வெற்றா என்ற சோதனை நிரலில் ஓயாமல் நடக்கும்.

சி மொழி, சரத்தின் நீளத்தை எங்கும் குறித்துவைப்பதில்லை. கடைசியில் ஒரு பூச்சிய பைட் (பைட் என்பது கணினி நினைவகத்தின் சிறு அலகு) நிற்கும், அவ்வளவுதான். நீளம் கேட்டால், அதை எண்ணித் தரும் ஸ்ட்ர்லென் (strlen) என்ற கட்டளை அந்தப் பூச்சியம் வரை தேடிப் போகும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; எட்டுக் குறிகள் கொண்ட 'கொழுந்து' என்ற சொல்லுக்கு 24. முதல் பைட் பூச்சியமா என்று பார்த்தாலே விடை கிடைக்கும்போது 24ஐயும் கடப்பானேன்? கூடை காலியா என்றறிய யாரும் கொழுந்தை நிறுத்துப் பார்ப்பதில்லை. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் நல்ல தொகுப்பிகள் இந்த வீண் வேலையைத் தாமே நீக்கிவிடுவதும் உண்டு.

ஜாவா, கோ, பைதன் ஆகிய மொழிகள் நீளத்தைச் சரத்தோடு சேர்த்தே வைத்திருக்கின்றன. அங்கே வேகத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம். உயர்தர வகுப்பில் பைதன் படிக்கும் ஹட்டன், பண்டாரவளை மாணவர்கள் சரத்தின் பெயருக்கு முன் 'இஃப் நாட்' (if not) என்று எழுதினாலே போதும்.

ஸ்விஃப்ட் மொழியில்தான் தமிழர் விழித்திருக்க வேண்டும். அது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுகிறது: 'கொழுந்து' 4 எழுத்து. எந்தக் குறி எதோடு சேரும் என்று சரம் முழுவதும் ஆராய்ந்த பிறகே, எண்ணிக்கை கேட்கும் கவுண்ட் (count) அந்த எண்ணைச் சொல்லும். வெற்றா என்று மட்டும் கேட்கும் இஸ்எம்ப்டி (isEmpty) உடனே சொல்லிவிடும்.

வெற்றாகத் தோன்றியும் வெற்றாக இல்லாத சரங்களே பெரிய தொல்லை. இடைவெளி மட்டும் உள்ள சரத்தை ஜாவா 11 தந்த இஸ்பிளாங்க் (isBlank) சோதனை பிடித்துவிடும். ஆனால் தமிழ்த் தட்டச்சில் நுழையும், அகலமே இல்லாத இணைப்புத்தடைக் குறியை (ZWNJ) அதுவும் பிடிக்காது. ஓரங்களில் உள்ள இடைவெளிகளை நீக்கும் பைதனின் ஸ்டிரிப்பும் (strip) நீக்காது. அதைப் பெயரிட்டுத்தான் அகற்ற வேண்டும்.

மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (null) என்பது வேறு. குடும்பப் பெயர் இல்லை என்று ஒருவர் சொன்னால் அது வெற்றுச் சரம். அவரிடம் யாரும் கேட்கவேயில்லை என்றால் அது நல். ஜாவாவில் நல்லை முதலில் சோதிக்காவிட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆரக்கிள் தரவுத்தளமோ வெற்றுச் சரத்தையும் நல்லாகவே வைத்துக்கொள்ளும். அங்கே 'கேட்டாயிற்று' என்பதற்குத் தனிக் கட்டம் ஒன்று வேண்டும்.