ஓட்டர் கார்டு கையில இருக்கு, ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கா?

நான் அரசுப் பள்ளி டீச்சர். நாலு தேர்தல்ல பூத் டியூட்டி பாத்திருக்கேன், அதுல ரெண்டு தடவை பூத்துக்கே பொறுப்பான ப்ரிசைடிங் ஆபீசரா. முந்தின நாளே ஓட்டு மெஷினோட போய் இறங்கி, ராத்திரி அந்த ஸ்கூல்லயே படுத்து, விடியக்காலைல வேட்பாளருங்களோட ஏஜென்ட்டுங்க முன்னாடி கொறஞ்சது 50 மாதிரி ஓட்டு போட்டுக் காட்டி, அதை அழிச்சு சீல் வச்சு, 7 மணிக்குக் கதவைத் திறந்தா வாசல்ல முதல்ல நிக்கறது பெரும்பாலும் வயசானவங்க தான்.

அப்படி ஒரு பாட்டி. குளிச்சு நல்ல புடவை கட்டிட்டு வந்து மஞ்சப்பைக்குள்ள இருந்து கார்டை எடுத்து நீட்டினாங்க. லிஸ்ட்ல பேர் இல்ல. முதல் பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் தேடினோம், பக்கத்து பூத்லயும் கேட்டுப் பாத்தாச்சு, இல்ல. மகன் வீட்டுல ரெண்டு வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பி வந்திருக்காங்க, அந்த நேரத்துல பேர் போயிருக்கணும். "ஒரு தடவ கூட வுட்டதில்ல கண்ணு, என்னைய செத்தவ கணக்குல சேத்துட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல முடியும். கார்டு ஆள் யாருன்னு காட்டறதுக்கு மட்டும் தான், ஓட்டுங்கறது லிஸ்ட்ல இருக்கற பேருக்குத் தான். லிஸ்ட்ல பேர் இருந்து கார்டு தொலைஞ்சு போச்சுன்னா கூட ஆதார், லைசென்ஸ், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டைன்னு ஏதோ ஒண்ணைக் காட்டிப் போட்டுடலாம். பேரே இல்லன்னா எங்க கையில ஒண்ணுமே இல்ல. அந்தப் பாட்டி படி இறங்கிப் போனது இன்னும் கண்ணுல நிக்குது.

சுதந்திரம்னா நாம 1947ஐத் தான் நினைக்கறோம். ஆனா வெள்ளைக்காரன் காலத்துல சொத்து, வரி, படிப்புன்னு ஏதாவது இருந்தவங்களுக்குத் தான் ஓட்டு, கூலி வேலைக்குப் போற முக்கால்வாசிப் பேருக்கு அது கிடையாது. எல்லாருக்கும் ஓட்டுன்னு வந்தது 1950ல அரசியல் சட்டம் வந்தப்புறம் தான், குடியரசு நாளுக்கு முந்தின நாள் ஜனவரி 25ல தேர்தல் ஆணையத்தையே ஆரம்பிச்சாங்க. 1951-52ல முதல் தேர்தலுக்கு லிஸ்ட்ல சுமார் 17 கோடி பேர், அதுல பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த லிஸ்ட் எடுக்கறப்போ வடக்குப் பக்கம் நிறைய பொம்பளைங்க சொந்தப் பேரைச் சொல்லாம இன்னாரோட பொண்டாட்டி, இன்னாரோட அம்மான்னே எழுதச் சொன்னாங்களாம். பேர் சொல்லாதவங்களைச் சேர்க்க முடியாதுன்னு சுமார் 28 லட்சம் பெண்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. நாடு விடுதலை ஆகியும் அந்த 28 லட்சம் பேர் பூத்துக்கு வெளிய தான் நின்னாங்க, காரணம் லிஸ்ட்ல பேர் இல்ல. எனக்கு அந்தப் பாட்டியையும் இவங்களையும் பிரிச்சுப் பாக்கத் தெரியல.

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்தும், "லிஸ்ட்ல பேர் இல்லன்னா ஆதாரைக் காட்டி 49ஏ-ன்னு சொல்லி சேலஞ்ச் ஓட்டு போடுங்க"ன்னு. சுத்தப் பொய். தேர்தல் விதிகள்ல 49ஏ ஓட்டு மெஷினைப் பத்தினது. சேலஞ்ச்ங்கறது வந்திருக்கற ஆள் மேல ஏஜென்ட் சந்தேகப்பட்டு 2 ரூபா கட்டி ஆட்சேபம் பண்றது. உங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்கன்னா மட்டும் 49பி (49P) விதி, அப்பவும் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கணும், மெஷின்ல விடமாட்டாங்க, பேப்பர் சீட்டுல போட்டு தனிக் கவர்ல வச்சிடுவாங்க. இதை நம்பி வந்து என்கிட்ட சத்தம் போட்டவங்க உண்டு, பாவம் அவங்க மேல தப்பில்ல.

அதனால தேர்தல் தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடியே பாருங்க. ஆணையத்தோட வெப்சைட்ல கார்டு நம்பரைப் போட்டாலே தெரிஞ்சிடும், இல்லன்னா 1950க்கு போன் பண்ணுங்க, உங்க ஏரியா ஓட்டர் லிஸ்ட்டைப் பாத்துக்கற பி.எல்.ஓ. (பூத் லெவல் ஆபீசர்) யாருன்னு கேட்டு வச்சுக்கங்க. புதுசா சேர்க்க ஃபாரம் 6, வீடு மாறினா, பேர் தப்பா இருந்தா ஃபாரம் 8. வேட்பாளருங்க மனு தாக்கல் பண்ற கடைசி நாள் தாண்டிட்டா அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க மாட்டாங்க. வீட்டுல இறந்துபோனவங்க இருந்தா ஃபாரம் 7 குடுத்து எடுத்துடுங்க, மனசு வராது தான், ஆனா கள்ள ஓட்டு போடறவன் தேடறது அந்த மாதிரிப் பேரைத் தான். சொந்த ஊர்ல ஒண்ணு வாடகை வீட்டு ஏரியால ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல வச்சுக்காதீங்க, அது சட்டப்படி தப்பு.

17 வயசு முடிஞ்சிருந்தாலே முன்கூட்டி ஃபாரம் 6 குடுக்கலாம், 18 ஆனதும் சேர்த்துப்பாங்க, 18 ஆயிடுச்சான்னு கணக்குப் பாக்க வருஷத்துல 4 தேதி இருக்கு. எங்க ப்ளஸ் டூ பசங்களுக்கு நானே உக்காந்து ஃபில் பண்ண வைக்கறேன். கூடவே ஒரு வீட்டுப்பாடமும் உண்டு, அவங்கவங்க தாத்தா பாட்டி பேர் லிஸ்ட்ல இருக்கான்னு போன்ல தேடி, லிஸ்ட்ல எந்தப் பாகம்னு காட்டற பார்ட் நம்பரோட எழுதிட்டு வரணும். போன தடவை மூணு பேர் வெறும் நோட்டோட வந்தாங்க, அன்னிக்கு சாயந்திரமே பி.எல்.ஓ. அக்காவுக்கு போன் பண்ணிட்டேன்.