சிவப்புப் புள்ளி குறைந்தால் தில்லிக் காற்று சுத்தமா?

அக்டோபர் கடைசியானால் மயூர் விஹார் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பஞ்சாப், ஹரியானா முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். "இன்னைக்குப் புள்ளி குறைச்சலா இருக்கே, பசங்களை விளையாட அனுப்பலாமா சார்?" என்று என்னிடம் கேட்பார்கள். செயற்கைக்கோள் படங்களைப் படிப்பது என் தொழில். அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

புள்ளி காட்டுவது புகையை அல்ல, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் தரையில் எரிந்த தீயின் வெப்பத்தை. சுவோமி என்பிபி போன்றவை நம் பக்கம் மதியம் ஒன்றரை மணி வாக்கில் கடக்கும். நாலு மணிக்குப் பயிர்க்கழிவைக் கொளுத்தி, இருட்டுவதற்குள் அது அணைந்துவிட்டால் புள்ளியே விழாது. மேகம் மூடினாலும் அப்படித்தான். தீயே இல்லாத நாளிலும் காற்று அசையாமல் நின்றால், நம் ஊர் வண்டிப் புகையும் குப்பைப் புகையும் இங்கேயே தங்கிவிடும்.

கோடைத் தூசியைப் பிடிப்பது வேறு வித்தை. சாதாரண வண்ணப் படத்தில் புகை நீலம் கலந்த சாம்பலாகவும், தூசி பழுப்பு மஞ்சளாகவும் தெரியும். ஆனால் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் பறக்கும் தூசிக்கும் கீழே கிடக்கும் மணலுக்கும் ஒரே நிறம்! அதனால் வெப்பக் கதிர்களைப் பார்க்கிறோம். 11 மைக்ரான், 12 மைக்ரான் என்று இரண்டு அலைநீளங்களில் அளந்த வெப்பநிலைகளைக் கழித்தால், தூசி ஒரு பக்கமும் மெல்லிய மேகம் எதிர்ப்பக்கமுமாகப் பிரிந்துவிடும். இரவிலும் இது வேலை செய்யும். இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களில் இந்த வசதி இருக்கிறது, அரை மணிக்கொரு படமும் கிடைக்கிறது. 2018 ஜூன் நடுவில் ராஜஸ்தான் பக்கத்துத் தூசி தில்லியை நாள்கணக்கில் மூடியதே, அந்த மாதிரிப் படலத்தை இப்படித் தொடர்ந்து பின்தொடரலாம்.

இடிமழையோடு வரும் ஆந்தி என்கிற புழுதிப்புயல் மட்டும் இதற்குச் சிக்காது. மேலே மேகம் விரிந்திருக்க, தூசி அதன் அடியில் ஓடி வரும். அந்த நேரத்தில் வானிலைத் துறையின் ரேடாரையும் உடனடி எச்சரிக்கையையும்தான் நம்ப வேண்டும்.

சரி, நாம் மூச்சில் இழுப்பது எவ்வளவு? செயற்கைக்கோள் தரையிலிருந்து உச்சி வரை உள்ளதை மேலிருந்து மொத்தமாகப் பார்க்கிறது. இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகையும் படத்தில் பயங்கரமாகத் தெரியும். ஆகவே ஆனந்த் விஹார், ஆர்.கே. புரம் போல உங்களுக்குப் பக்கத்தில் உள்ள காற்று அளவீட்டு நிலையத்தின் அளவை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பாருங்கள். பிஎம் 10 (10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்) எகிறி, பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்) அவ்வளவாக ஏறாவிட்டால் பெரும்பாலும் தூசி. பிஎம் 2.5-உம் சேர்ந்து ஏறினால் புகை என்று சந்தேகப்படுங்கள். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5-க்கு 60, பிஎம் 10-க்கு 100 மைக்ரோகிராம்.

தூசி நாளில் ஜன்னலைச் சாத்தி, துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். புகை நாளில் துணி மாஸ்க் போதாது. என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். மூச்சிழுப்பு உள்ள குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று: ஏக்யூஐ என்கிற காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி, காலையில் திடீரென்று வந்த புகை அதில் மெதுவாகத்தான் ஏறும். விளையாட அனுப்பும் முன் அந்த மணி நேரத்து பிஎம் 2.5 அளவைப் பாருங்கள்.