மாட்ட ஆள் உண்டு, கழற்ற ஆள் இல்லை

"தம்பி, இது புத்ராதானே?"

கோலாலம்பூர் நகர நடுவிலுள்ள ஒரு ரயில் நிலையத்தில், தூணோரமாக நின்று, பலகையைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் தயங்கி நிற்கிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. கேட்டவர் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. தோளில் துணிப்பை, கையில் மகளின் விலாசம் எழுதிய துண்டுச்சீட்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பார் போலிருந்தது. பலகையில் 'புத்ரா' என்ற ஐந்து ரோமன் எழுத்துகளைப் பார்த்ததும் அம்புக்குறி காட்டிய பக்கமே நடந்து வந்துவிட்டார்.

"இது புத்ராஜெயா தடம் பாட்டி. நீங்க எங்க போகணும்?"

"கிளானா ஜெயா. புத்ரா எடுத்து வாம்மான்னு என் மக சொன்னா. அப்ப புத்ரா எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை என்பதுதான் சரியான பதில். அவர் மகள் சொன்ன புத்ரா, 1998-இல் ஓடத் தொடங்கிய எல்ஆர்டி என்ற இலகு ரயில்; இன்றைய கிளானா ஜெயா தடம். அந்தப் பெயர் ஒரு நீண்ட மலாய்ப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த இன்னொரு எல்ஆர்டி ஸ்டார். இரண்டு பெயரும் எப்போதோ பலகைகளிலிருந்து போய்விட்டன. ஆனால் நம் வீடுகளில் போகவில்லை. என் அம்மாவுக்கு இன்றைக்கும் அம்பாங் தடம் என்றால் புரியாது, ஸ்டார் என்றால் புரியும்.

புத்ரா குழப்பம் அதோடு முடிந்தால் பரவாயில்லை. கொமுட்டர் என்ற புறநகர் ரயில் தடத்தில் புத்ரா என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அதற்கு நடந்து போகும் தூரத்தில் பிடபிள்யூடிசி எல்ஆர்டி நிலையம். அந்தச் சுருக்கத்தில் முதலெழுத்தும் புத்ராதான். இரண்டு எல்ஆர்டி தடங்கள் போய் முடிகிற இடம் புத்ரா ஹைட்ஸ். எம்ஆர்டி என்ற பெருவிரைவு ரயிலில் புத்ராஜெயா தடம். எனக்கே சில நாள் வாய் குழறும்.

பதினெட்டு ஆண்டுகளாக வழிகாட்டிப் பலகைத் தொழிலில் இருக்கிறேன். செகாம்புட்டில் ஒரு பலகைக் கடையில் ஸ்டிக்கர் வெட்டுகிறவனாகத் தொடங்கினேன். இப்போது கட்டடங்களிலும் நிலையங்களிலும் எந்தப் பலகை எங்கே வேண்டும், இருப்பதில் எது தப்பு என்று பார்த்துச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் புரிந்த ஒன்று: கோலாலம்பூரில் பலகைகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. புதுத் தடம் திறக்கும்போது பலகை மாட்ட டெண்டர் விடுகிறார்கள். பணம் இருக்கிறது, குத்தகையாளர் இருக்கிறார், கடைசித் தேதி இருக்கிறது. பழையதைக் கழற்றுவது யாருடைய வேலை என்று கேட்டால்தான் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், ஒரு தூணிலிருந்த தடப் படத்தின் ஓரம் நிமிர்ந்துகொண்டிருந்தது. நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதற்கும் அடியில் இன்னொன்று. மூன்றாவது அடுக்கில் 9-ஆம் எண் எம்ஆர்டியான காஜாங் தடம் இன்னும் சுங்கை பூலோவில் தொடங்கிக்கொண்டிருந்தது. 2022 ஜூனில் புத்ராஜெயா தடத்தின் முதல் கட்டம் திறந்தபோது, சுங்கை பூலோ பக்கத்துத் துண்டை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். காஜாங் தடம் இப்போது குவாசா டமன்சாராவிலிருந்து தொடங்குகிறது. படத்தைக் கழற்றாமல் மேலேயே ஒட்டியதால், மூலை உரிந்த இடத்தில் ஒரு தடம் இரண்டு ஊரில் தொடங்கியது. உரிந்த மூலையைப் பார்த்தபடி ஒரு மாணவி கைப்பேசியில் யாரிடமோ, "இல்லடி, இங்க வேற மாதிரி போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு பத்துமலை. 2010-இல் பத்துமலைக்குக் கொமுட்டர் வந்தபோது அந்த ரயில் நேரே கிள்ளான் துறைமுகம் வரை போனது. கிள்ளானிலிருந்து முருகனைப் பார்க்க வருகிறவர்கள் ஏறினால் இறங்கும் இடம் பத்துமலைதான், நடுவில் மாற வேண்டாம். பிறகு தடங்களின் முனைகளை மாற்றினார்கள். இப்போது பத்துமலை ரயில் சிரம்பான் வழியாகப் புலாவ் செபாங் போகிறது. கிள்ளான் துறைமுக ரயில் தஞ்சோங் மாலிம் போகிறது. வழக்கமான நாள்களில் கிள்ளான்காரர் கேஎல் சென்ட்ரலில் இறங்கி மாற வேண்டும். பழைய படத்தையோ பழைய பழக்கத்தையோ நம்பி உட்கார்ந்திருந்தால் ரவாங்கில் கண் விழிக்கலாம். பழைய பலகை சும்மா இருக்கும் குப்பை அல்ல. பலகையே இல்லாவிட்டால் யாரிடமாவது கேட்போம். தப்பான பலகை இருந்தால் கேட்க மாட்டோம், நம்பி நடப்போம்.

ஆனால் முழுக்கச் சரியான பலகையும் ஆளைக் குழப்பும். மஸ்ஜித் ஜாமெக்கைப் பாருங்கள். மேலே அம்பாங், ஶ்ரீ பெட்டாலிங் தடங்கள். பூமிக்கடியில் கிளானா ஜெயா தடம். 2016 ஜூன் 30 அன்று ஶ்ரீ பெட்டாலிங் தடமும் கிளானா ஜெயா தடமும் ஆளுக்கொரு பக்கமாக நீண்டு ஒரே இடத்தில் போய் முட்டின: புத்ரா ஹைட்ஸ். அன்றிலிருந்து மேலே வருவதும் புத்ரா ஹைட்ஸ் ரயில், கீழே வருவதும் புத்ரா ஹைட்ஸ் ரயில். புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போகிறவர் மேலே ஏற வேண்டும். பங்சார் போகிறவர் கீழே இறங்க வேண்டும். கடைசி நிலையத்தின் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு இரண்டு படிக்கட்டும் ஒன்றுதான். கடைசி நிலையத்தின் பெயர் ரயிலை இயக்குகிறவர்களுக்கு முக்கியம். பயணிகளில் எத்தனை பேர் கடைசி வரை போகிறார்கள்? (கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநரே கிடையாது, அது வேறு கதை.) இன்னொரு வேடிக்கை, கிளானா ஜெயா தடத்துக்கு அந்தப் பெயர் வைத்தபோது அது கிளானா ஜெயாவில் முடிந்தது. இப்போது கிளானா ஜெயா அதற்கு வழியில் ஒரு நிலையம். தடத்தின் பெயர் அப்படியே இருக்கிறது.

பெயர்களின் கூத்து இன்னும் இருக்கிறது. அம்பாங் வேறு, அம்பாங் பார்க் வேறு. வேறு வேறு தடம், நடுவில் நல்ல தூரம். அம்பாங் பார்க் என்ற பெயர் 1973-இல் திறந்த பேரங்காடியிலிருந்து வந்தது. அந்தக் கட்டடம் 2017 கடைசியில் மூடப்பட்டு இடிபட்டது. பெயர் மட்டும் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளாசா ராக்யாட் அதைவிடச் சோகம். கட்டி முடிக்காமலே நின்றுபோன ஒரு திட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் அது. புடு ராயா பேருந்து நிலையத்துக்குப் போனவர்கள் இறங்க வேண்டியிருந்த இடம் அதுதான். ஆனால் புடு என்று தனியாக இன்னொரு நிலையம் இருப்பதால், எத்தனையோ பேர் அங்கே இறங்கி அலைந்திருக்கிறார்கள். அந்த பிளாசா ராக்யாட்டோடு பாதை வழியாக இணைந்த எம்ஆர்டி நிலையத்தின் பெயர் மெர்டேகா. கேஎல் சென்ட்ரலோடு இணைந்த எம்ஆர்டிக்கு மூசியம் நெகாரா. கேஎல்சிசி ஒரு நிலையம், பெர்சியாரான் கேஎல்சிசி இன்னொரு நிலையம். இதையெல்லாம் பலகை எழுதுகிறவன் சரிசெய்ய முடியாது. பெயர் வைக்கிறவர்கள் என்னைக் கேட்டு வைப்பதில்லை.

என் கைக்கு எட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். வெயில்.

அச்சு மைகளில் சிவப்பும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் வெளுக்கும். கறுப்பும் நீலமும் தாக்குப்பிடிக்கும். நம் நிலையங்கள் பாதி திறந்தவெளி, வெயிலுக்கோ பஞ்சமில்லை. 'இங்கே நடக்காதே' என்று சொல்லும் குறியில் நடக்கிற மனிதன் கறுப்பு, அவனைச் சுற்றிய வட்டமும் குறுக்குக் கோடும் சிவப்பு. மலிவான அச்சாக இருந்தால் சில ஆண்டுகளில் சிவப்பு போய்விடும். மிஞ்சுவது வெள்ளைப் பலகையில் நடக்கிற ஒரு கறுப்பு மனிதன். அதாவது, 'இங்கே நட'. சரக்கு வண்டிகளுக்கான ஒரு சரிவுப் பாதையின் முகப்பில் இதை நேரிலேயே பார்த்தேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு குடும்பம் நம்பி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது 'செமந்தாரா'. மலாயில் தற்காலிகம் என்று பொருள். பழுதுபார்ப்பு நடக்கும்போது ஏ4 தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து, டேப் போட்டு ஒட்டுகிறார்கள். பழுது சரியாகிவிடும், தாள் இருக்கும். மின்தூக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே 'ரோசாக்' (பழுது) என்ற தாளைப் பார்த்துவிட்டு, முட்டிவலிக்காரர் படியேறிப் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இந்தத் தாள்களில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கீழே ஒரு தேதி. எந்த நாள் வரைக்கும் என்று போட்டிருந்தால், அந்த நாள் தாண்டியதும் துப்புரவு செய்யும் அக்காகூடத் தைரியமாகக் கிழித்துவிடலாம். தேதியில்லாத தாளைக் கிழிக்க யாருக்கும் அதிகாரமில்லை.

என் படத் தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒன்று, புகார் கொடுக்கச் சொல்லும் அறிவிப்பு. தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையமான ஸ்பாட்டிடம் சொல்லுங்கள் என்று எண்ணோடு போட்டிருந்தது. 2019-இலேயே ஸ்பாட் போய், அதன் இடத்தில் ஏபாட் என்ற வேறு அமைப்பு வந்துவிட்டது. நான் படமெடுத்தது அதற்குப் பல ஆண்டு கழித்து.

அம்புக்குறியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் பலகையில் மேல்நோக்கிய அம்பு இருந்தால் 'நேரே போ' என்று பொருள். தொழிலில் இருப்பவனுக்கு அது தெரியும். பக்கத்தில் ஒரு மின்படி மேலே ஏறிக்கொண்டிருந்தால் பயணிக்கு அது 'மேலே ஏறு'. இரண்டும் நியாயமான வாசிப்பு. அதனால் மின்படிக்கு அருகில் மேல்நோக்கிய அம்பே வைக்காதீர்கள், படியின் படத்தோடு சாய்ந்த அம்பு வையுங்கள் என்பேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' படமும் அப்படித்தான். ஒரே படத்தை அச்சடித்து நான்கு சுவரிலும் மாட்டிவிடுகிறார்கள். நீங்கள் எந்தச் சுவரைப் பார்த்து நின்றாலும் படத்தில் வடக்கு மேலே. தெற்குப் பார்த்து நிற்பவருக்கு இடது வலதாகிவிடும். படத்தின் முன் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறவர் படம் படிக்கத் தெரியாதவர் இல்லை. படத்தைத் தப்பாக மாட்டியதை அவர் கழுத்து சரிசெய்துகொண்டிருக்கிறது.

நிறத்தை நம்பிச் சொல்லாதீர்கள். ஆண்களில் 100-க்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை இருக்கும். பலருக்கு அது தெரியவே தெரியாது. நம் தடப் படத்தில் மோனோரயில் இளம்பச்சை, காஜாங் தடம் கரும்பச்சை. ஶ்ரீ பெட்டாலிங் அரக்கு, கிளானா ஜெயா ஒரு மாதிரிச் சிவப்பு, கிள்ளான் துறைமுகக் கொமுட்டர் இன்னொரு சிவப்பு. எனக்கே பழைய ஸ்டிக்கரில் வித்தியாசம் தெரியாது.

நம்பக் கூடியது எண். ஒவ்வொரு தடத்துக்கும் எண் இருக்கிறது: அம்பாங் 3, ஶ்ரீ பெட்டாலிங் 4, கிளானா ஜெயா 5, மோனோரயில் 8, காஜாங் 9, புத்ராஜெயா 12. ஒவ்வொரு நிலையத்துக்கும் குறியீடு இருக்கிறது. மஸ்ஜித் ஜாமெக், மேலே ஏஜி 7, எஸ்பி 7. கீழே கேஜே 13. பெயர் மாறினாலும், முன்னால் ஒரு நிறுவனத்தின் பெயரை விளம்பரத்துக்காகச் சேர்த்தாலும், இந்தக் குறியீடு அப்படியே இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு வழி சொல்லும்போது தடத்தின் எண்ணையும் நிலையக் குறியீட்டையும் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 3-உம் 4-உம் செந்தூல் தீமோர் முதல் சான் சோவ் லின் வரை ஒரே நடைமேடையில் வருகின்றன. எனவே வந்த ரயிலில் ஏறாமல், முன்னாலிருக்கும் பெயரைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தித்திவங்சாவில் இறங்கச் சொல்லும் பழைய பழக்கத்தையும் விடலாம். 2023 மார்ச்சிலிருந்து ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர் என்றே நிலையம் இருக்கிறது: தடம் 12, பிஒய் 18.

தமிழில் பலகை வேண்டாமா என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் நிலையங்களில் தமிழ்ப் பெயரைப் பார்க்கும்போது எனக்கும் மனசு குளிரத்தான் செய்கிறது. ஆனால் தொழில்காரனாகச் சொல்கிறேன்: பத்து மீட்டர் தள்ளி நிற்கும் முதியவர் படிக்க எழுத்து 4 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஒரே பலகையில் மொழியைக் கூட்டக் கூட்ட எழுத்து சிறுக்கும். தமிழ் வேண்டும் என்றால் பலகையையும் பெரிதாக்கு என்று சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் எண்ணைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், அது எல்லாருக்கும் பொது.

தப்பான பலகையைப் பார்த்தால் முகநூலில் போட்டுச் சிரிப்பதோடு விடாதீர்கள். இரண்டு படம் எடுங்கள்: ஒன்று பலகை மட்டும், இன்னொன்று சற்றுத் தள்ளி நின்று, சுற்றியுள்ள இடம் தெரிய. நிலையக் குறியீடு, எந்த வாசல், அதனால் எந்தப் பக்கம் தப்பாகப் போனீர்கள், இந்த மூன்றையும் எழுதி அனுப்பிப் புகார் எண் கேட்டு வாங்குங்கள். 'பலகை சரியில்லை' என்று மட்டும் வந்த புகாரை வைத்து எந்தப் பலகையை என்று தேடுவதற்கே ஆள் கிடைக்க மாட்டார்.

பாட்டியின் சீட்டின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிதாக 5 என்று எழுதி வட்டம் போட்டேன். கீழே கேஜே 24. அவர் அதைக் கை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூன்றாவது பலகையில் நின்று, என் பக்கம் திரும்பி, விரித்த ஐந்து விரலைக் காட்டினார்.