கொழுப்பு செல்லைச் சுற்றி ஒரு கிரீடம்

"கொழுப்பு என்பது உடம்பு சேர்த்து வைக்கிற எண்ணெய்தானே? சும்மா கிடக்கிற எண்ணெய் எப்படி சர்க்கரை நோயைக் கொண்டுவரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப நாள் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

1993-இல் ஹோதமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். கிருமி நுழைந்தால் நோய் எதிர்ப்பு செல்கள் எழுப்பும் அபாயக் குரல் அது. கிருமியே இல்லாத கொழுப்பில் அதற்கு என்ன வேலை? அதை முடக்கிப் பார்த்தபோது எலிகளின் உடம்பு, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லி செல்களுக்குக் கட்டளையிடும் இன்சுலினுக்கு, முன்பைவிட நன்றாகச் செவிசாய்த்தது.

குரல் எழுப்புவது யார் என்பது 2003-இல் தெரிந்தது: மேக்ரோபேஜ்கள். செத்த செல், கிருமி, குப்பை எல்லாவற்றையும் விழுங்கித் தீர்க்கும் வெள்ளையணுக்கள். ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் உள்ள செல்களில் இவை 10 சதவீதம்கூட இருக்காது; மிகவும் பருத்தவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்கும்.

ஏன் இப்படிக் குவிகின்றன? எடை கூடும்போது ஏற்கெனவே இருக்கிற கொழுப்பு செல்கள்தான் பெரும்பாலும் ஊதுகின்றன. செல்லின் உள்ளே ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி. உட்கரு ஓரத்தில், மோதிரத்துக் கல் மாதிரி, ஒட்டிக்கொண்டிருக்கும். குறுக்களவு 100 மைக்ரானை (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) தாண்டி வீங்குகிற செல் பலவிதமான நெருக்கடிக்கு உள்ளாகிறது. ஒரு கட்டத்தில் சில செல்கள் செத்துப்போகின்றன.

எனக்கு மிகப் பிடித்த காட்சி இனிமேல்தான். மேக்ரோபேஜின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான். எதிரே கிடக்கும் பிணமோ 100 மைக்ரான். ஐந்து மடங்குதானே என்று நினைக்க வேண்டாம், கன அளவில் அது 125 மடங்கு! வழக்கமாக மேக்ரோபேஜ் இரையை முழுசாக உள்ளே இழுத்து, லைசோசோம் என்ற அமிலப் பையில் போட்டுச் செரிக்கும். இங்கே வாய் பற்றாது. அதனால் பல மேக்ரோபேஜ்கள் பிணத்தைச் சூழ்ந்து அழுத்தி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் காற்றுப் புகாத சின்ன அறை மாதிரி ஓர் இடைவெளி உருவாகும். உள்ளே வைத்திருக்க வேண்டிய அமிலத்தையும் நொதிகளையும் அதற்குள் ஊற்றுகின்றன. வயிற்றை வெளியே எடுத்து வைத்துச் சாப்பிடுகிற கதை! எலும்பைக் கரைக்கும் செல்களும் இதே உத்தியைத்தான் கையாள்கின்றன. கரைந்து வரும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, மேக்ரோபேஜ்களும் உள்ளே எண்ணெய்த் துளிகள் நிறைந்து நுரை மாதிரி ஆகிவிடுகின்றன.

நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணெய்த் துளிக்குக் கிரீடம் வைத்தது போலிருக்கும். இத்தாலிய உடற்கூறியலாளர் சாவேரியோ சிந்தியின் குழு 2005-இல் எண்ணிப் பார்த்தது: பருத்த உடலின் கொழுப்பில் இருந்த மேக்ரோபேஜ்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தக் கிரீடங்களில்தான் இருந்தன. பொறுமையாகத் திசுவை வெட்டி, சாயமேற்றி, உற்றுப் பார்க்கிறவர்களுக்குக் கிடைத்த பரிசு இது. "இதிலிருந்து என்ன மருந்து வரும்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கிற நிதிக் குழுக்கள் இந்த வகை வேலையை வளர்க்காது என்பது என் கருத்து.

சரி, இன்சுலினுக்கு வருவோம். ஒரு பிணத்தை முடிக்க நாளாகும். அதற்குள் அடுத்தது விழும். வேலை ஓயாததால் குரலும் ஓய்வதில்லை. அந்தக் குரலான டிஎன்எஃப்-ஆல்ஃபா, பக்கத்து செல்களைத் தொட்டதும் அங்கே ஜேஎன்கே, ஐகேகே என்ற நொதிகள் விழித்து, இன்சுலினின் செய்தியைக் கடத்தும் புரதத்தில் தவறான இடத்தில் பாஸ்பேட் என்ற வேதித் துணுக்கை ஒட்டிவிடுகின்றன. இன்சுலின் வாசலில் வந்து தட்டுகிறது. செய்தி உள்ளே போவதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. எண்ணெயைப் பூட்டி வை என்ற அதன் கட்டளையும் எடுபடாமல், கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலுக்கும் தசைக்கும் போகின்றன.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்தான சாலிசிலேட் கொடுத்தால் நீரிழிவு தணிகிறது என்று 1876-இலேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தார். அது ஐகேகேயை அடக்குகிறது என்ற விளக்கம் வர 2001 ஆனது. (ஆஸ்பிரினைத் தேடி ஓட வேண்டாம். அதற்குத் தேவைப்படும் அளவு வயிற்றைப் புண்ணாக்கிவிடும்.)

"கொழுப்பை உருக்கும்" பெல்ட் விற்கிறவர்களிடம் ஒன்று கேட்க ஆசை: உருகி எங்கே போகும்? செல்லை விட்டுச் சிந்தும் எண்ணெய்தானே இத்தனை கூட்டத்தையும் கூட்டுகிறது? உயிருள்ள செல் அதைக் கொழுப்பு அமிலமாக அளந்து அனுப்பி, தசை எரித்தால்தான் கணக்குத் தீரும். அப்படித் தீர்ந்தால் கூட்டமும் கலைகிறது: எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களின் கொழுப்பை மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது மேக்ரோபேஜ்கள் குறைந்திருந்தன.