உறையோவியம்

இசைத்தட்டின் மேலுறையில் அச்சாகும் வரைந்த படத்துக்கு 'ஆல்பம் கவர் ஆர்ட்' என்கிறோம். தமிழில் 'அட்டைப்படம்' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. 'உறையோவியம்' என்பதே சரியான சொல்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோன்பி எதுவானாலும் அவருடைய தகரப்பெட்டி போகும். உள்ளே தட்டுகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். "கவரோட எடு கண்ணு, தட்டுல கை படக்கூடாது" என்பார். அந்தப் பெட்டியிலிருந்த ஈ.பி. எனும் ஏழு அங்குலச் சிறு தட்டு ஒன்றின் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. கதாநாயகியின் முகம் தூரிகையில் தீட்டியது. உதட்டுச் சிவப்பு, வரைந்த கோட்டிலிருந்து ஒரு நூல் விலகி அச்சாகியிருக்கிறது. உள்ளிருந்த தட்டு வருடக்கணக்கில் உரசி உரசி, படத்தின் மேல் ஒரு வட்டம் வெளுத்துத் தெரிகிறது. பின்பக்கத்தில், எங்களுக்குப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விசுவநாதனின் பெயருக்கு அடியில் பெரியப்பா பேனாவால் கோடு போட்டிருக்கிறார்.

முதலில் 'ஆல்பம்'. லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமானியர்கள் பொது அறிவிப்பு எழுதிய வெண்பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். பின்னாளில் படம் ஒட்டும் ஏட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். நீண்ட இசை என்றால் நாலைந்து தட்டுகள் வேண்டும். அவற்றைப் புத்தகம் போலக் கட்டி விற்றதால் அதுவும் ஆல்பம் ஆயிற்று. 1948இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் எல்.பி. எனும் நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரே தட்டில் எல்லாம் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தக் கட்டுகளின் மேலட்டை நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. அதை மாற்றியவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். 1939இல் கொலம்பியாவில் சேர்ந்த அந்த இளைஞர், பழைய மேலட்டைகளைக் கல்லறைக் கற்களோடு ஒப்பிட்டார். கடைக்கு வருபவரின் கண்ணுக்கு முதலில் இசை தெரிய வேண்டும் என்று வண்ணத்தில் தீட்டினார். இன்று நாம் பத்திரப்படுத்தும் உறைகள் எல்லாம் அவர் திறந்த வழியில் வந்தவை.

ஆங்கிலத்தில் உறைக்கு 'ஸ்லீவ்' என்பார்கள், அது சட்டைக்கை. 'ஜாக்கெட்' என்றும் உண்டு. அது நம் ஊரில் ரவிக்கை. இரண்டையும் அப்படியே மொழிபெயர்க்கத் தேவையில்லை, நம்மிடம் 'உறை' இருக்கிறது. வாளுறை, தலையணை உறை, கடித உறை என எதை நுழைத்து வைத்தாலும் அதுதான் சொல். எல்லைக்காரனான எனக்கு இதில் இன்னொரு நிறைவு. நாம் 'கையுறை' என்பதை மலையாளத்தில் 'கையுற' என்கிறார்கள். தெலுங்கில் கத்தி இருக்கும் இடம் 'ஒர'. மூன்றும் ஒரே குடும்பம். போதாததற்கு, உறைதல் என்றால் தங்குதல் என்றும் பொருள். 'வானுறையும் தெய்வம்' என்று குறளில் வருகிறதே.

அட்டைப்படம் பத்திரிகைக்குப் பொருந்தும். அங்கே அட்டை என்பது முதல் பக்கம்; புரட்டினால் தீர்ந்தது. தட்டின் அட்டைக்கோ முன்னும் பின்னும் உண்டு, நடுவில் தட்டு குடியிருக்கிறது. வரைந்த படமாக இருந்தால் உறையோவியம். புகைப்படமாக இருந்தால் உறைப்படம். இந்த வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டால் தீட்டியவரின் உழைப்பு தனியாகத் தெரியும்.

அட்டைக்குள் தட்டைப் பொதிந்திருக்கும் மெல்லிய தாளுக்கும் சொல் தேட வேண்டியதில்லை: உள்ளுறை. சங்கப் பாட்டில் சொல்லாமல் உள்ளே வைத்த பொருளுக்கு வழங்கும் அதே சொல். என்னிடம் இருக்கும் அந்த ஈ.பி.யின் உள்ளுறை எப்போதோ கிழிந்து போய்விட்டது. பெரியப்பா நாட்காட்டித் தாளை மடித்து ஒன்று செய்து வைத்திருக்கிறார்.