நெஞ்சு காயும் வரை அட்ரோபின்

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனால், ஆளைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான். நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உடனுக்குடன் சிதைக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கத் தேங்க எச்சில் வழியும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், நாடி தளரும். மூச்சுக்குழாய்களில் நீர் கோத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

முதல் வேலை வாயையும் தொண்டையையும் உறிஞ்சித் துப்புரவாக்கி, ஆக்ஸிஜன் கொடுப்பது. நஞ்சு பட்ட துணிகளைக் கழற்றி, கையுறையுடன் சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவ வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது; பூச்சிக்கொல்லியில் கலந்திருக்கும் கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றைக் கழுவுகிறோம் என்று, அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்தான அட்ரோபினைத் தாமதிப்பது பெரும் தவறு.

பெரியவர்களுக்குச் சிரை வழியாக 1 முதல் 3 மி.கி. அட்ரோபினில் தொடங்குவார்கள். 5 நிமிடம் கழித்துப் பார்த்து, முன்னேற்றம் போதவில்லை என்றால் இரட்டிப்பு: 2-ல் தொடங்கினால் 4, 8, 16. எங்கே நிறுத்துவது என்பதை ஸ்டெதஸ்கோப் சொல்லும். நெஞ்சின் இரு பக்கமும் கொறகொறப்பும் வீசிங்கும் அடங்க வேண்டும். நாடி 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் தொட்டால் உலர்வு. நாடி வேகமாக ஓடுகிறதே என்று பயந்து, நெஞ்சு ஈரமாக இருக்கும்போதே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கண்மணி விரிவதற்காகவும் காத்திருக்க வேண்டாம். அது மெதுவாகத்தான் மாறும்.

நெஞ்சு காய்ந்தபின், அதுவரை கொடுத்த மொத்த அளவில் 10–20 சதவீதத்தை மணிக்கு மணி சொட்டாக ஏற்றுவார்கள். 30 மி.கி. தேவைப்பட்டிருந்தால் மணிக்கு 3 முதல் 6 மி.கி. காய்ச்சல், பிதற்றல், குடல் ஓசை அடங்கிப்போதல் மூன்றும் சேர்ந்து வந்தால் அட்ரோபின் மிஞ்சிவிட்டது. சற்று நிறுத்தி, வேகத்தைக் குறைத்துத் தொடர வேண்டும்.

தசைத் தளர்ச்சியை அட்ரோபின் தொடாது. எல்லாம் சரியானதுபோல் தெரியும் நேரத்தில், நஞ்சு உள்ளே போன 24 முதல் 96 மணி நேரத்துக்குள், மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகலாம். அதற்கு முன்னால் தளர்வது கழுத்து. அதனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும். தூக்க முடியவில்லை என்றால், வென்டிலேட்டரை அப்போதே தயாராக வைக்க வேண்டும்.