படம் வடிவாக ஓடுது, கேம் மட்டும் ஏன் இழுக்குது?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கம்ப்யூட்டர் மகனின் அறையில், பெரிய டிவி ஹோலில், இரண்டும் ஒரே வைஃபையில். டிவியில் 4கே படம் தடங்கலில்லாமல் ஓடுகிறதாம். ஆனால் கம்ப்யூட்டரில் ஓடும் கேமை டிவிக்கு அனுப்பும் மூன்லைட் செயலியைப் போட்டு மகன் கார் ரேஸ் விளையாடினால், திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் கார் திரும்புகிறதாம். ஃபைபர் பக்கேஜைக் கூட்டினால் சரிவருமா?

வராது, காசை மிச்சம் பிடியுங்கள். அறையிலிருந்து ஹோலுக்குப் போகும் அந்தக் கேம் காட்சி உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதேயில்லை. வெளியே இணையம் அறுந்து கிடந்தாலும் அது தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். எந்தக் கோளாறுக்கும் 'பெரிய பக்கேஜ் போடுங்கோ' என்று சொல்வது இங்கே நாவூறு கழிப்பதுபோல ஒரு சடங்காகிவிட்டது.

நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் கேமை ஓட்டி, திரையைப் படம்பிடித்து, சுருக்கி அனுப்புகிறது. டிவி விரித்துக் காட்டுகிறது. நீங்கள் அழுத்தும் பட்டன் எதிர்த்திசையில் ஓடுகிறது. சுருக்காமல் அனுப்பவே முடியாது. 1920க்கு 1080 திரையில் கிட்டத்தட்ட 20 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 24 பிட், செக்கனுக்கு 60 தனித்தனிப் படங்கள் என்று கணக்குப் பார்த்தால் 300 கோடி பிட் வருகிறது. அதை மூன்று கோடிக்குள் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒரு படத்துக்குக் கிடைக்கும் 16.7 மில்லிசெக்கனில் ஒரு பங்குக்குள்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே பெரிதாக எதுவும் மாறுவதில்லை, ஆகவே சுருக்கும் சிப் படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றும் போன படத்தில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. ரோட்டோரத் தென்னை எட்டுப் பிக்சல் நகர்ந்திருந்தால் தென்னையை மறுபடி அனுப்புவானேன், 'அதே சதுரம், இடப்பக்கம் எட்டு' என்றால் போதுமே. சினிமாவுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: பின்னால் வரப்போகும் படத்தையும் எட்டிப் பார்க்கலாம். லொறி விலகியபின் தெரியும் கடைப்பலகையை முந்திய படத்தில் தேடினால் கிடைக்காது, அடுத்ததில் இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேமில் அடுத்த படம் இன்னும் பிறக்கவேயில்லை, அது உங்கள் மகனின் கட்டைவிரலில் இருக்கிறது! இரண்டு படம் பொறுத்திருந்து பார்க்கலாம்தான், ஆனால் அதற்கே 33 மில்லிசெக்கன் போய்விடும். அதனால் கேமுக்குச் சுருக்கும்போது நடந்து முடிந்ததை மட்டும் வைத்தே சமாளிக்க வேண்டும்.

அதில் ஒரு வில்லங்கம். ஒவ்வொரு படமும் முந்தியதன் மேல் கட்டப்படுவதால், வழியில் ஒரு படம் தொலைந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் கோணலாகிவிடும். சினிமா என்றால் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கலாம், சில செக்கன்களுக்கான படம் ஏற்கெனவே கையிருப்பில் இருக்கும். கேமில் கையிருப்பு வைத்தால் அதுவே தாமதம். முழுப்படம் ஒன்றைப் புதிதாக அனுப்பலாம், ஆனால் அது பெரிய பொதி, வந்துசேர்வதற்குள் திரை விக்கும். மூன்லைட் மாதிரிச் செயலிகள் செய்யும் தந்திரம் என்னவென்றால், டிவிப்பக்கம் 'இந்தப் படம் எனக்கு வரவில்லை' என்று மட்டும் சொல்லும். உடனே கம்ப்யூட்டர் அந்தப் படத்தையும் அதன்மேல் கட்டியவற்றையும் மறந்துவிட்டு, ஒழுங்காகப் போய்ச்சேர்ந்த ஒரு பழைய படத்திலிருந்து அடுத்ததைக் கட்டத் தொடங்கும். தொலைந்ததைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. இது எவ்வளவு அழகான யோசனை!

நகர்வைக் கழித்தபின் மிஞ்சும் சின்னச் சின்ன வித்தியாசங்களைச் சுருக்கும் கணிதம், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது தன் சகாக்கள் நடராஜன், ராவ் ஆகியோருடன் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றத்தின் வழி வந்தது. அவர் 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிதியத்திடம் இதற்குப் பணம் கேட்டபோது, யோசனை மிக எளிதாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் டிஜிட்டல் வீடியோவில் பெரும்பங்கு அந்த 'எளிதான' யோசனையில்தான் ஓடுகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் குழுக்கள் சிக்கலான தலைப்பைக் கண்டால் மயங்கிவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம், இலங்கையிலும் அப்படித்தான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை மூன்றுதான், உங்கள் தொடர்மாடியிலோ மாடிக்கு மாடி ரவுட்டர். வைஃபை கருவி காற்றில் வேறு யாரும் அனுப்பாத நேரம் பார்த்துத்தான் அனுப்பும். சினிமா பார்க்கையில் இந்தக் காத்திருப்பு தெரியாது, கேமில் அப்படியே தெரியும். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முடிந்தால் கம்ப்யூட்டரையாவது ரவுட்டருடன் வயரில் இணையுங்கள், ஒவ்வொரு பொதியும் காற்றில் இரண்டு தரம் போவது ஒன்றாகக் குறையும்.

இதற்கெல்லாம் முதல் டிவியின் செட்டிங்கில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி தானே சில படங்களைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும், சில டிவிகளில் அது மட்டுமே 100 மில்லிசெக்கனுக்குக் கிட்ட வரும். கேம் மோட் போட்டால் அந்த வேலையெல்லாம் நிற்கும். அதற்கு ரிமோட் போதும், ஐந்து சதம் செலவில்லை.